பதில் சொல்லாத போர்டுகள்

திரையில் கடைசியாக வந்து நிற்கும் வரி ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருந்தது. தமிழில் சொன்னால், ‘நரம்பு போர்டின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்’ என்று அர்த்தம். அதற்குப் பிறகு சர்வர் கொஞ்ச நேரம் உறுமும். மேற்கொண்டு நகர முடியவில்லை என்று நாலைந்து வரிகள் கொட்டும். தானே அணைந்து, தானே எழுந்து, மறுபடியும் அதே வரியில் வந்து முட்டிக்கொள்ளும்.

காலையிலிருந்து ஷப்னம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மதுரையில் வலிப்பு நோய்க்கென்றே நடக்கும் ஒரு சிகிச்சை மையத்தின் கீழ்த்தளத்து அறை அது. ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். எழுந்திருக்க மறுக்கும் சர்வர்களை எழுப்புவதுதான் இத்தனை வருடங்களாக அவளுக்கு வேலை. ஆனால் இந்த மாதிரி சர்வர் உலகத்திலேயே சில நூறுதான் இருந்தன. செய்த வெளிநாட்டுக் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். போன் போட்டுக் கேட்க ஆள் கிடையாது. அவர்கள் விட்டுப்போன கையேடு ஒன்றுதான் துணை.

சர்வருக்குள் நான்கு போர்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடித் தட்டு. தட்டில், மனிதத் தோலிலிருந்து எடுத்து வளர்த்த நரம்புச் செல்கள். மெல்லிய குழாய் வழியாக அவற்றுக்குச் சர்க்கரைத் தண்ணீர் போகும். மையத்து நோயாளிகள் காதுக்குப் பின்னால் ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் மூளையின் மின்னோட்டம் அந்தப் பட்டை வழியாக இங்கே வந்துசேரும். வலிப்பு வருவதற்கு முன் அதில் ஏற்படும் மிக நுண்ணிய மாற்றம் சாதாரணக் கம்ப்யூட்டர்களுக்குப் பிடிபடுவதில்லை. இந்தச் செல்களுக்குப் பிடிபட்டது. ஒவ்வொரு நோயாளியோடும் மாதக்கணக்கில் பழகி, அவரவர் வலிப்பு எப்படி வரும் என்று கற்றுக்கொண்டன. நோயாளியின் போன் அடித்து, “உட்காருங்க, வரப்போகுது” என்று சொல்லும். உட்கார்ந்துகொண்டால் விழமாட்டார்கள். அவ்வளவுதான் அது செய்த உதவி. ஆனால் அந்த உதவி கிடைத்த பிறகுதான் அவர்களில் பலர் தனியாக வெளியே போகவே ஆரம்பித்திருந்தார்கள்.

மையத்தின் தலைவர் டாக்டர் பாக்கியநாதன் படியிறங்கி வந்தார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், முகத்தில் தூக்கமின்மை.

“என்ன ஷப்னம், எந்திரிச்சுதா?”

“இல்ல டாக்டர். புது அப்டேட்தான் காரணம்னு நெனச்சேன். பழைய கெர்னலைப் போட்டுப் பாத்தேன், அதுவும் அதே இடத்துல நிக்குது. கேபிள் மாத்திட்டேன், பவர் சப்ளை மாத்திட்டேன்.”

“கெர்னல்னா?”

“கம்ப்யூட்டர்ல மொதல்ல கண்ணு முழிக்கிறது அதுதான். முழிச்ச உடனே வீட்ல யார் யார் இருக்காங்கன்னு கூப்பிட்டுப் பாக்கும். டிஸ்க் ‘இருக்கேன்’னு சொல்லும், மெமரி சொல்லும். எல்லாரும் பதில் சொன்னாத்தான் அடுத்த வேலை. இந்த நாலு போர்டும் வாயைத் திறக்க மாட்டேங்குது.”

“செத்துப்போச்சா?”

“அதான் இல்ல. சர்க்கரைத் தண்ணி எப்பவும் போலக் கொறையுது. உயிரோட இருக்கு. அலமாரில இருந்து புது போர்டு ஒண்ணை எடுத்துச் செருகினேன், உடனே பதில் சொல்லுச்சு. வேலை பாத்துப் பழகின இந்த நாலுதான் பேசல.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நாகஜோதியைத் தெரியுமில்ல? செல்லூர்ல பணியாரக் கடை போட்டிருக்கே, அந்தப் பொண்ணு. நேத்து சாயங்காலம் அடுப்பு முன்னாடி நிக்கும்போது வந்துருச்சு. எண்ணெய்ச் சட்டி மேலயே விழுந்திருக்கு. வலது கை முழுக்க வெந்துபோச்சு. மேல வார்டுலதான் படுத்திருக்கா. போன் அடிக்கும்னு நம்பித்தான நின்னா?”

முந்தின நாளே சர்வர் நின்றுபோனதை எல்லோருக்கும் குறுஞ்செய்தியில் சொல்லியிருந்தார்கள். கடையில் கூட்டம் நிற்கும்போது யார் குறுஞ்செய்தி பார்ப்பார்கள்?

“வேற வழியே இல்லியா?” என்றார் டாக்டர்.

“கையேட்டுல ஒண்ணு போட்டிருக்கு. கெர்னல் கூப்பிடறதுங்கறது ஒரு சின்ன மின்துடிப்பு. பதில் வரலன்னா அந்தத் துடிப்பைப் பல மடங்கு ஏத்திக் குடுக்கச் சொல்றான். நிச்சயமா பதில் வரும்னு எழுதியிருக்கான். எனக்கென்னமோ யோசனையா இருக்கு டாக்டர். ஏன் பேசலன்னு தெரியாம அடிச்சு எழுப்பணுமான்னு.”

“யோசிக்கறதுக்கு எனக்கு நேரமில்ல. நாகஜோதிக்கு எந்த போர்டு?”

“ஒண்ணாவது.”

“அதுல மட்டும் குடுத்துப் பாருங்க. அந்தப் பொண்ணுக்காவது மொதல்ல சரியாகட்டும்.”

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக ஷப்னத்துக்கும் தோன்றவில்லை. மற்ற மூன்றையும் கழற்றி, சர்க்கரைக் குழாய் இணைப்போடு மேஜையில் வைத்தாள். முதல் போர்டுக்குத் துடிப்பை ஏற்றிக் கொடுத்தாள். கண்ணாடித் தட்டில் எதுவும் தெரியவில்லை, சத்தமும் வரவில்லை. திரையில் ‘பதில் கிடைத்தது’ என்று வரி வந்தது. கெர்னல் தாண்டிப் போய், விறுவிறுவென்று மற்ற வேலைகளையும் முடித்து, சர்வர் எழுந்து நின்றது. டாக்டர் அவள் தோளைத் தட்டிவிட்டு மாடிக்கு ஓடினார்.

மறுநாள் காலை, கட்டுப் போட்ட கையோடு வார்டில் படுத்திருந்த நாகஜோதிக்கு மறுபடியும் வலிப்பு வந்தது. கட்டிலில் இருந்ததால் அடிபடவில்லை. போன் அடிக்கவும் இல்லை. அந்த போர்டில் சேர்ந்திருந்த இன்னும் இரண்டு பேருக்கு வீட்டில் வந்திருந்தது. அவர்களுக்கும் எந்த எச்சரிக்கையும் போகவில்லை.

ஷப்னம் முதல் போர்டைச் சோதித்தாள். எதைக் கேட்டாலும் உடனே பதில் சொன்னது. கையேட்டிலிருந்த எல்லாச் சோதனையிலும் தேறியது. ஆனால் நாகஜோதியின் பழைய பதிவுகளை ஓட்டிக் காட்டியபோது, வலிப்பு வருவதற்கு முந்தைய பகுதிக்கும் சும்மா இருக்கும் பகுதிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. பழகியதெல்லாம் போய்விட்டிருந்தது. அலமாரியிலிருக்கும் புது போர்டுக்கும் இதற்கும் ஒரு வேற்றுமையும் இல்லை.

மேஜை மேலிருந்த மற்ற மூன்றையும் பார்த்தாள். இனி காரணம் தெரியாமல் கை வைப்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

பழைய பதிவுகளைத் தோண்ட ஆரம்பித்தாள். சர்வர் வந்த புதிதில் வருடக்கணக்கில் அணைக்கப்படாமலே ஓடியிருந்தது. போன வருடம்தான் ஒரு விதி வந்தது. பாதுகாப்புக்காக மாதாமாதம் மென்பொருளைப் புதுப்பித்து, சர்வரை அணைத்துப் போட வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை எழும்போதும் போர்டுகள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் கூடிக்கொண்டே வந்திருந்தது. முதலில் சட்டென்று. அப்புறம் சற்றுத் தயங்கி. அப்புறம் இழுத்து இழுத்து. கடைசியில் மௌனம்.

மூன்றாவது போர்டை எடுத்து, அதன் துடிப்பை வெறுமனே கேட்க மட்டும் செய்யும் ஒரு கருவியில் இணைத்தாள். கெர்னல் எழும்போது என்னென்ன வரிசையில் மின்சாரம் ஏறுமோ அதே வரிசையில் ஏற்றினாள். கூப்பிடும் துடிப்பை மட்டும் கொடுக்கவில்லை. வரைபடம் திரையில் ஓடியது. அதைத் தொடக்கத்திலிருந்து மறுபடி ஒரு முறை பார்த்தாள். பிறகு அச்சிட்டு எடுத்துக்கொண்டு முதல் மாடிக்கு ஏறினாள்.

டாக்டர் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளி எழுந்துபோன இடைவெளியில் தாளை அவர் முன்னால் வைத்தாள்.

“இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க டாக்டர்.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விரலால் கோட்டைத் தொடர்ந்தார். இத்தனை வருடப் பழக்கம். யாருடையது என்று கேட்கக்கூட இல்லை.

“இங்க வரைக்கும் ஒண்ணுமில்ல, நிம்மதியா இருக்காரு. இந்த எடத்துல பாருங்க, படபடன்னு அடிக்குது. வரப்போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. வலிப்புக்கு முன்னாடி சில பேருக்கு இப்படித் தெரியும். அதுக்கப்புறம் எல்லாம் அப்படியே அடங்கிருச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி. ஆனா வலிப்பு வரலியே?” நிமிர்ந்து பார்த்தார். “பாவம், ரொம்ப அனுபவப்பட்ட ஆளு. எந்த வார்டு?”

“வார்டு இல்ல. கீழ் ரூம். மூணாவது போர்டு.”

டாக்டர் தாளைக் கீழே வைத்தார். அடுத்த நோயாளியின் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்த நர்ஸைக் கையமர்த்தி வெளியே அனுப்பினார்.

“அந்தக் கூப்பிடற துடிப்பு,” என்றார் மெதுவாக. “அதை எங்க குடுக்குது?”

“தட்டுல செல்லைத் தொடற எல்லா எலெக்ட்ரோடுலயும். ஒரே சமயத்துல. செல்லெல்லாம் ஒண்ணா சேர்ந்து துடிச்சா, பதில் வந்துச்சுன்னு எடுத்துக்கும்.”

“மொத்தச் செல்லும் ஒரே நேரத்துல துடிச்சா அதுக்கு எங்க பாஷையில என்ன பேரு தெரியுமா?” டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் தெரிந்தார்கள். “இவங்கல்லாம் எதுக்காக வந்து உக்காந்திருக்காங்களோ, அதுதான். ஒவ்வொரு மாசமும் அதுக்கு நாம வலிப்பு வரவெச்சிருக்கோம். நேத்து ஒண்ணாவது போர்டுக்குக் குடுத்தது பெரிய வலிப்பு.”

“கரெண்டு ஏறினா அடுத்து அதுதான் வரும்னு இந்த மூணும் தெரிஞ்சுக்கிச்சு,” என்றாள் ஷப்னம். “துடிப்பு வர்றதுக்கு முன்னாலயே அடங்கிடுது. அதனாலதான் கெர்னல் கூப்பிடறப்ப அங்கேருந்து சத்தமே வரல. நான் பழுதுன்னு நெனச்சு கேபிளை மாத்திக்கிட்டு இருந்தேன். வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடின்னு நாமதான அதுக்குச் சொல்லிக்குடுத்தோம்? அது அந்த வேலையைத்தான் பாத்திருக்கு.”

டாக்டர் தாளை மறுபடி கையில் எடுத்தார்.

“அதுக்கு வலிக்குமா டாக்டர்?”

“தெரியாது. ஒரு கரண்டிக்குள்ள அடங்கற செல்லு. வலின்னு ஒண்ணு இருந்தா அதை அனுபவிக்க ஒரு ஆளு வேணும். அங்க ஆளு இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது.” அவர் குரல் சட்டென்று இறுகியது. “ஆனா வெளிய உக்காந்திருக்கறவங்களுக்கு வலிக்கும். அது எனக்கு நல்லாத் தெரியும். இன்னிக்கே புது போர்டுங்களைச் செருகினா, பழகறதுக்கு ஆறேழு மாசம் ஆகும். ஆனா இன்னிக்கே பழக ஆரம்பிச்சுரும். நீங்க காரணம் தேடற ஒவ்வொரு நாளும் அவங்க கணக்குல இருந்துதான் போகுது.”

“தெரியும் டாக்டர். நாளைக்கு ஒரு நாள் குடுங்க.”

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும். அப்புறம் நானே கீழ வந்து செருகுவேன்.”

ஷப்னம் கெர்னலுக்குள் நுழைந்து அந்தக் கூப்பிடும் பகுதியைத் தேடிப் பிடித்தாள். சின்னதுதான். போர்டு பதில் சொன்னால் மேலே போ, சொல்லாவிட்டால் நில் என்று கம்பெனிக்காரன் எழுதியிருந்தான். அதை எடுத்துவிட்டாள். போர்டுகளை யாரும் கூப்பிட வேண்டாம். அவை இல்லை என்றே வைத்துக்கொண்டு சர்வர் எழட்டும். ஒரேயடியாக ஏறும் மின்சாரத்தையும் விசிறி ரெகுலேட்டரைத் திருப்புவது போல மெல்ல மெல்ல ஏறும்படி மாற்றினாள். எழுந்த பிறகு, நோயாளிகளிடமிருந்து வரும் மின்னோட்டத்தை எப்போதும் போல அந்தத் தட்டுகளுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது. கேள்வி எதுவும் கேட்பதில்லை.

அடுத்த நாள் காலை மேஜையிலிருந்த மூன்றையும் திரும்பச் செருகி அப்படியே செய்தாள். சர்வர் எழுந்தது. என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் போட்டபோது, ஏற்கெனவே பதில் சொல்லியிருந்த முதல் போர்டின் பெயர் மட்டும் வந்தது. மற்ற மூன்றுக்கும் நேராக ‘இல்லை’ என்று வந்தது. ஷப்னம் காத்திருந்தாள். உடன் வேலை பார்ப்பவர்கள் சாப்பிடக் கூப்பிட்டபோது போகவில்லை. மதியம் தாண்டியது. எதுவும் நடக்கவில்லை.

வெயில் தணிந்த நேரத்தில் டாக்டர் புது போர்டுகள் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்தவர் போல, அவள் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைத் திறந்தார். உறையைக் கிழிக்கும்போது அவருடைய போன் அடித்தது.

மையத்திலிருந்து எந்த எச்சரிக்கை போனாலும் அவருக்கும் ஒரு தகவல் வரும். மேலூரில் ரேஷன் கடையில் எடை போடும் இருளப்பனுக்கு எச்சரிக்கை போயிருந்தது. இரண்டாவது போர்டிலிருந்து. ஷப்னம் பட்டியலைப் பார்த்தாள். இரண்டாவது போர்டுக்கு நேராக இப்போதும் ‘இல்லை’ என்றுதான் இருந்தது.

டாக்டர் உடனே இருளப்பனைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மூன்றாவது முறை, குழறிய குரல் ஒன்று கேட்டது.

“சார்... போன் சொல்லுச்சு சார். சீனி மூட்டை மேல சாஞ்சு உக்காந்துட்டேன். வந்துச்சு, போயிருச்சு. ஒண்ணும் அடிபடல.”

டாக்டர் போனை வைத்துவிட்டு கிழித்த உறையை மடித்து ஒட்டினார். இருட்டுவதற்குள் மூன்றாவது போர்டும் ஒருவரை உட்காரச் சொன்னது. நான்காவது மறுநாள் பேசியது.

நாகஜோதியிடம் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் தானே சொல்வதாகச் சொன்னார். ஷப்னம் ஒத்துக்கொள்ளவில்லை. பொத்தானை அமுக்கியது தன் விரல்தான் என்றாள்.

வார்டில் நாகஜோதி இடது கையால் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். ஷப்னம் எதையும் மறைக்காமல் சொன்னாள். கேட்கக் கேட்க நாகஜோதியின் முகம் மாறியது.

“அப்ப மத்தவங்களுக்கெல்லாம் சரியாயிருச்சு. எனக்கு மட்டும் இல்ல.”

“ஆமா.”

“என் போர்டுன்னு தெரிஞ்சுதான மேடம் அதை மொதல்ல தொட்டீங்க?”

“உங்களுக்குச் சீக்கிரம் சரியாகணும்னுதான் தொட்டோம்.”

“என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? மாடியிலதான கெடந்தேன்?” பழத்தைத் தட்டில் வைத்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. “எத்தன வருசம் வீட்டுக்குள்ளயே கெடந்தேன் தெரியுமா? அந்தப் போன் அடிக்க ஆரம்பிச்சப்புறம்தான் மேடம் கடை போட்டேன்.”

ஷப்னம் எழுந்து போகாமல் கட்டிலோரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நாகஜோதியே கேட்டாள்.

“இப்ப அது என்ன பண்ணுது?”

“கேட்டா ‘இருக்கேன்’னு சொல்லுது. எத்தன தடவ கேட்டாலும் சொல்லுது. ஆனா உங்களை அதுக்குத் தெரியல.”

“எனக்கும் அப்படித்தான் இருக்கும்,” என்றாள் நாகஜோதி. “வந்துட்டுப் போனப்புறம் யாராச்சும் ‘நல்லாருக்கியா’ன்னு கேட்டா ‘நல்லாருக்கேன்’னு சொல்லுவேனாம். கேக்கறது எங்கண்ணன்தான்னு தெரியாது. அவரு பேரைக் கேட்டா முழிப்பேன்.”

“வேற புது போர்டு போட்டுத் தர்றோம். அது பழக எத்தன நாளோ, இந்தப் பழசு மறுபடி பழகவும் அத்தன நாள்தான். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. இந்தத் தடவ கேட்டுட்டுத்தான் செய்வோம்.”

நாகஜோதி கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

“பழசைத் தூக்கிப் போட்டுருவீங்களா?”

“விதிப்படி அழிக்கணும்.”

“அப்ப அதே இருக்கட்டும். எனக்கு வந்துச்சுன்னு என்னைய யாரும் தூக்கிப் போடலையே.”

கை ஆறியதும் நாகஜோதி மறுபடி கடை போட்டாள். அடுப்புப் பக்கம் அண்ணன் நின்றார். மாவு கரைப்பதும் கட்டிக் கொடுப்பதும் அவள். நடுவே இரண்டு முறை வலிப்பு வந்தது. ஒரு முறை நெற்றி பிளந்து தையல் போட்டார்கள். போன் அடிக்கவில்லை. ஷப்னம் அவளுடைய மின்னோட்டத்தை நாள் தவறாமல் முதல் போர்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அது கேட்டுக்கொண்டிருந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு முற்பகலில் ஷப்னம் கேன்டீனில் காப்பி வாங்கிக்கொண்டிருந்தபோது நாகஜோதி கூப்பிட்டாள். மூச்சு வாங்கப் பேசினாள்.

“மேடம், போன் அடிச்சுச்சு! உக்காருன்னு சொல்லுச்சு! கடைக்குச் சாமான் வாங்க வந்தேன், அப்படியே கடை வாசல்ல உக்காந்துட்டேன்.”

“வந்துச்சா?”

“இல்ல மேடம். ரொம்ப நேரமா உக்காந்திருக்கேன், வரல.”

ஷப்னம் சிரித்துவிட்டாள். “பரவால்ல. பழகற காலத்துல தப்பா அடிக்கத்தான் செய்யும். பேச ஆரம்பிச்சதே பெரிசு.”

“தப்பா அடிக்கலன்னு தோணுது மேடம்,” என்றாள் நாகஜோதி. “எனக்கு வர்றதா இருந்தா மொதல்ல ஒரு கருகல் வாடை வரும். இப்ப அது இல்ல. அதுக்கு ஏதும் ஆகுதான்னு கொஞ்சம் போய்ப் பாக்கறீங்களா?”

ஷப்னம் காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் படியிறங்கினாள். சர்வர் அறைக்குப் பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. மழையில் பழுதான மின்கலங்களை மாற்ற ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள், முன்னால் வராத புது ஆள், யூபிஎஸ்ஸின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பெரிய சுவிட்சில் கை வைத்திருந்தார். ஏற்கெனவே ஒருமுறை இணைப்பை மாற்றிப் பார்த்திருந்தார். அந்த நேரத்தில் சர்வருக்குப் போகும் மின்சாரம் லேசாக ஒரு முறை தாழ்ந்து ஏறியிருந்தது; முதல் போர்டு தனக்கு வரப்போகிறது என்று எச்சரித்தது அதனால்தான்.

“அண்ணே, கையை எடுங்க!”

“ஒரு நிமிஷம்தாம்மா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா முடிஞ்சது.”

“வேணாம். கையை எடுங்க. நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க.”

அந்த ஆள் திகைத்துப் போய்ப் பின்னால் நகர்ந்தார். ஷப்னம் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். கையிலிருந்த போனில் இணைப்பு இன்னும் போகவில்லை.

“மேடம்? இருக்கீங்களா?”

“இருக்கேன். நீங்க சொன்னது சரிதான். உங்களுக்கு இல்ல.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் நாகஜோதி. “நான் இங்கயே உக்காந்திருக்கேன். அதுக்குச் சரியாயிருச்சுன்னு சொல்லுங்க, அப்புறமா எந்திரிக்கிறேன்.”